பாதியில் எழுந்து வந்தவர்கள்

கோவில்பட்டியில் ஜெயமணி கடலைமிட்டாய்க் கம்பெனியின் மேற்குச் சுவரில் ஒரு வெளிநாட்டுப் பெண்ணின் நிழல் வந்து குடியேறியதற்கு யார் காரணம் என்று கேட்டால், தெருவில் பாதிப் பேர் பால்துரையின் விசிலைச் சொல்வார்கள், மீதிப் பேர் டூரில் கூடவே வந்த சமையல்காரரின் ரசத்தைச் சொல்வார்கள். தங்கஹேமாவை யாரும் கேட்பதில்லை. பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருக்கிற பிள்ளையிடம் 'அடுத்து என்ன' என்பதைத் தவிர யாரும் எதையும் கேட்பதில்லை.

டூர் போனது ஜாவாவுக்கு. தெருவிலிருந்து ஒரு பஸ் ஆட்கள். ஹேமாவின் அப்பா ஜெயமணி, கம்பெனி முதலாளி. அம்மா ராஜகனி. அம்மாவின் அண்ணன் பால்துரை மாமா, அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், ஆனால் விசிலை மட்டும் ஓய்வு பெற விடாதவர், ஏர்போர்ட்டில் ஊதி, எரிமலை அடிவாரத்தில் ஊதி, கற்கோயில் வாசலில் ஊதி, போன இடமெல்லாம் ஆடுமாடு பத்துகிற மாதிரி ஆட்களைப் பத்தி பஸ்ஸில் ஏற்றியவர். ஒரு ஊதல் என்றால் நில், இரண்டு ஊதல் என்றால் போலாம். கைடு ஸ்லாமெத் என்ற மெலிந்த மனிதருக்குத் தமிழில் மூன்றே வார்த்தை தெரியும்: வணக்கம், தயிர், போலாம். தமிழாட்கள் வாயிலிருந்து அதிகம் கேட்டது அவைதானாம்.

அந்த ஸ்லாமெத் ஒருநாள் சாயங்காலம், பக்கத்துக் கிராமத்தில் ஒரு வீட்டில் பிள்ளைக்கு உடம்பு தேறியதற்காக நிழல்கூத்து நடத்துகிறார்கள், டிக்கெட் கிடையாது, விருந்தாளியாக வாருங்கள் என்று கூட்டிப் போனார். வேலி ஓரமெல்லாம் வாழை, கோழிகள் அடைகிற சத்தம், பிளாஸ்டிக் நாற்காலி, நம் ஊர்க் கோயில் கொடை மாதிரியேதான் இருந்தது. வீட்டுக்காரர்கள் ஹேமா குடும்பத்து நாலு பேரையும் முதல் வரிசையில் உட்கார்த்தி, மற்றவர்களைப் பின்னால் உட்கார்த்தி, இஞ்சித் தண்ணீரும் அவித்த கடலையும் கொடுத்தார்கள். ஜெயமணி ஒரு கடலையை உடைத்து வாயில் போட்டு, கண்ணை மூடி, "கடல நல்ல கடலதான், இந்த ஊர்க்காரனுக்கு வறுக்கத்தான் தெரியல" என்றார்.

ஸ்லாமெத் குனிந்து ஹேமாவிடம் இங்கிலீஷில் ஒன்று சொன்னார். முதல் வரிசைக்கு இங்கே ஒரு முறை உண்டு, உட்கார்ந்தவர்கள் முடிகிறவரை எழுந்திருக்கக் கூடாது, கடைசியில் திரையின் நடுவில் மரம் மாதிரி வெட்டிய ஒரு பாவையை நட்டு வைப்பார்கள், அதைப் பார்த்துவிட்டுத்தான் எழ வேண்டும், பாதியில் எழுந்தால் கதையில் இருக்கிறவர்களில் யாராவது கூடவே வந்துவிடுவார்கள்.

"என்னட்டி சொல்லுதாரு?" என்றாள் ராஜகனி.

"லேட்டாவுமாம்" என்றாள் ஹேமா.

மொழிபெயர்ப்பில் அவள் அப்படித்தான். ஸ்லாமெத் ஒரு நிமிஷம் பேசினால் இவள் ஒரு வார்த்தை தருவாள். திரைக்குப் பின்னால் விளக்கு ஏறி, வெண்கல மணிகளும் கிண்ணங்களும் மழை பெய்கிற மாதிரி ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்து, பாவைக்காரர் கால்விரலால் பெட்டியைத் தட்டித் தட்டி ஆளுக்கொரு குரலில் பேசி, ஆற்றங்கரையில் ஒரு படகோட்டியும் அவன் பெண்சாதியும் வாழ்ந்ததும், ஊரில் பஞ்சம் வந்ததும், அக்கரையில் நெல் இருக்கிறது, விளக்கு அணைவதற்குள் வந்துவிடுவேன் என்று அவன் வெள்ளத்தில் படகு இறக்கிப் போனதும், அவள் இடுப்பில் ஒரு துணிமூட்டையும் கையில் விளக்குமாகக் கரையில் வந்து நின்றதும், நின்றுகொண்டே இருந்ததும், எல்லாம் திரையில் நடந்துகொண்டிருக்க, ராஜகனி ஒவ்வொன்றுக்கும் "என்ன சொல்லுதா, என்ன சொல்லுதா" என்று கேட்க, ஹேமா "வெய்ட் பண்றா" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "இன்னும் வெய்ட் பண்றா."

ராஜகனியின் வாய் லேசாகத் திறந்திருந்தது. அவள் தன் வாழ்க்கையில் எதையும் முழுசாகப் பார்த்தவளில்லை. டிவியில் படம் ஓடும்போது குக்கர் கூப்பிடும், கல்யாணத்தில் தாலி ஏறும்போது பந்தி கூப்பிடும், ஊர்க் கொடையில் சாமி வருகிற நேரம் பார்த்துக் கம்பெனியில் பாகு முறுகிவிட்டதென்று ஆள் வரும். இங்கே குக்கர் இல்லை, பாகு இல்லை. முழுசாகப் பார்த்துவிடலாம் என்ற ஆசை அவள் முகத்தில் அப்பட்டமாக எழுதியிருந்தது, அதை ஹேமாவும் பார்த்தாள், பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது.

ஆனால் ஹோட்டலில் ரசம் சூடாக இருக்கும், அதைவிட முக்கியம் அங்கேதான் வைஃபை. "அம்மா, எந்திரி. எல்லாம் தெரிஞ்ச கதைதான். கடைசில அவன் வந்துருவான், ரெண்டு பேரும் போயிருவாங்க. நம்மூர்ல பாக்காத கதையா?"

"கொஞ்ச நேரம்ட்டி. அவன் வாரத மட்டும் பாத்துட்டு..."

"நான்தான் சொல்லிட்டேன்ல வருவான்னு. மாமா, அம்மா எந்திரிக்க மாட்டேங்காவ!"

பால்துரை மாமாவுக்கும் பசி. எழுந்தார், விசிலை வாயில் வைத்தார், இரண்டு ஊதல் ஊதினார். மேளம் ஒரு கணம் நின்றது. படகுக்காகக் கரையில் நிற்கிற ஒருத்திக்கு, 'போலாம்' என்ற சத்தம் கேட்டால் எப்படியிருக்கும் என்று அங்கே யாரும் யோசிக்கவில்லை. திரையில் அவள் முகம் இந்தப் பக்கம் திரும்பியதை ராஜகனி ஒருத்திதான், மகள் கையைப் பிடித்து இழுக்க இழுக்கத் திரும்பிப் பார்த்தவள் ஆதலால், கண்டாள்.

ஊர் திரும்பிய மூன்றாம் நாள் பட்டப்பகலில், கடலை உடைக்க வந்த பெண்கள் வெளியே நின்று, "முதலாளியம்மா, சுவத்துல யாரோ நிக்கா" என்றார்கள்.

நின்றாள். நீண்ட கை, கூர்ந்த மூக்கு, இடுப்பில் மூட்டை, உயர்த்திய விளக்கு. முன்னால் ஆள் இல்லை, பின்னால் வெளிச்சம் இல்லை, வெயில் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அவள் சாய்வதில்லை. ராஜகனி கை துடைத்துக்கொண்டே வந்து பார்த்து, "ஐயோ, இவளா" என்றாள், தூரத்துச் சொந்தம் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கிற மாதிரி.

கோவில்பட்டி அவளை ஏற்றுக்கொள்ள ஒரு வாரம்கூட ஆகவில்லை. அந்தச் சுவரைத் தேர்தலுக்காக முன்கூட்டியே பிடித்துவைத்திருந்த கட்சிக்காரர்கள் வந்து பார்த்து, தங்களுக்குள் பேசி, அவளைச் சுற்றி ஓரடி இடம் விட்டுத் தலைவர் பெயரை இரண்டு பக்கமும் பிரித்து எழுதிவிட்டுப் போனார்கள். மின்வாரியத்து ஆள் இது எந்த விளக்கின் நிழல், கணக்கில் வருகிறதா என்று கேட்டார். அறிவியல் ஆசிரியர் பிள்ளைகளைக் கூட்டிவந்து ஸ்கேல் வைத்து அளந்து, ஒளி நேர்கோட்டில் செல்லும் என்பது பொதுவிதி, விதிவிலக்கு பரீட்சைக்கு வராது என்று சொல்லிக் கூட்டிப்போனார். கோயில் கமிட்டி கூடி, சாமியா பேயா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பேசி, இரண்டும் இல்லை, விருந்தாளி என்று முடிவு செய்தது. செவ்வாய் வெள்ளி சுவருக்குக் கீழே கோலம் விழுந்தது. பஸ்காரர்கள் 'நிழலக்கா ஸ்டாப்' என்று சொல்லி இறக்கிவிட ஆரம்பித்தார்கள். எதிரே பஜ்ஜிக்கடை வந்தது, அப்புறம் கரும்புச்சாறு வந்தது, அப்புறம் மதுரையிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் வேன்கள் வந்தன, ஆட்கள் இறங்கினார்கள், அவள் பக்கத்தில் அவளைப் போலவே கையைத் தூக்கிப் போட்டோ எடுத்தார்கள், பஜ்ஜி தின்றார்கள், "இவ்வளவுதானா, அசைய மாட்டாளா" என்று கேட்டுவிட்டு ஏறிப் போனார்கள். ஜெயமணி கடலைமிட்டாய் அட்டையில் தாமரைப் படத்தை எடுத்துவிட்டு அவள் படத்தைப் போட்டார்.

ஆனால் அவள் அசைவாள். அது வேன்காரர்களுக்குத் தெரியாது, வீட்டாட்களுக்குத் தெரியும். சாயங்காலம் வெயில் தாழும்போது விளக்கைக் கொஞ்சம் உயர்த்தி பஸ் வருகிற ரோட்டைப் பார்ப்பாள், பார்த்துவிட்டு மூட்டையை இடுப்பு மாற்றுவாள். நாளாக ஆக அவள் விளக்கின் சுடர் சிறுத்துக்கொண்டே வந்தது. நெல்லிக்காய் அளவில் இருந்தது, பிறகு கடலை அளவு, பிறகு கடுகு.

தெருக்காரர்கள் ஆளுக்கொரு முடிவு சொல்லிப் பார்த்தார்கள். தையல்கடைக்காரர் சுண்ணாம்புக்கட்டியால் சுவரில் ஒரு படகே வரைந்து, "ஏறிக்கம்மா" என்றார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் படகோட்டி மாதிரி வேஷம் கட்டி வந்தார்கள். எதுவும் அவள் காதில் விழவில்லை. ராஜகனிதான் பொறுக்க முடியாமல், "ஏட்டி, அந்த ஸ்லாமெத்துக்குப் போன் போடு" என்றாள்.

வாட்ஸப்பில் ஸ்லாமெத் வந்தார். "வணக்கம்" என்றார், பிறகு அவர் குரல் தாழ்ந்தது. அங்கேயும் குறைதானாம். அன்றையிலிருந்து பாவைக்காரர் அந்தப் பாவையைத் திரையில் எத்தனை முறை பிடித்தாலும் நிழல் விழவில்லையாம், ஊரில் பெண்கள் சங்கடப்படுகிறார்களாம். ஹேமா கேட்டாள், முடிவை நீங்களே சொல்லுங்களேன், நாங்கள் அவளிடம் சொல்லிவிடுகிறோம். ஸ்லாமெத் பாவைக்காரரிடம் கேட்டுவிட்டு வந்து சொன்னார்: முதல் வரிசையில் இருந்தவர்கள் சொன்னால்தான் அவளுக்குக் கேட்கும். எது சொன்னாலும் அவள் அதை முடிவாக எடுத்துக்கொள்வாள். அதனால் பார்க்காமல் சொல்லாதீர்கள். யாராவது ஒருவர் வந்து, விட்ட இடத்தில் உட்கார்ந்து, மிச்சத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

இந்த முறை ஹேமா ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தாள்.

"நான் போறேன்" என்றாள் ராஜகனி.

ஜெயமணி சிரித்தார். "நீயா? தூத்துக்குடிக்கே தனியாப் போவமாட்டே."

"அதான் பாஸ்போர்ட் இருக்குல்லா."

"நான் வேணா தொணைக்கு வாரேன் தாயி" என்றார் பால்துரை மாமா.

"நீங்க வந்தா மறுபடியும் ஊதுவிய, அண்ணே. ஒருத்தி வந்து நிக்கது பத்தாதா?"

மாமா விசிலைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். தெருவில் பஜ்ஜிக்கடைக்காரருக்கும் கரும்புச்சாறுக்காரருக்கும்தான் முகம் செத்துப்போனது. "முடிவு தெரிஞ்சா அவ போயிருவாளேக்கா, இன்னும் ஒரு சீசன் இருக்கட்டுமே" என்று சொல்லிப் பார்த்தார்கள். ஜெயமணியும் புதிதாக அடித்த அட்டைகளைப் பார்த்தார், ராஜகனி முகத்தைப் பார்த்தார், டிக்கெட் போட்டுக்கொடுத்தார்.

போகிற அன்று ராஜகனி மகளைச் சுவரருகில் கூட்டிப்போய்ச் சொன்னாள். "தெனம் அந்தி நேரத்துல இவட்ட வந்து ஒரே வார்த்தை சொல்லணும். 'இன்னும் முடியல, இரு'ன்னு. நான் அதச் சொல்லித்தான் இத்தன நாள் நிறுத்தி வச்சிருக்கேன். செய்வியா?"

"அவ்வளவுதான? செய்றேன், போ."

முதல் நாள் சொன்னாள். இரண்டாம் நாளும் சொன்னாள், பல் விளக்கிக்கொண்டே சொல்கிற மாதிரி, ஆனால் சொன்னாள். அதற்கப்புறம் வந்தது ஞாயிற்றுக்கிழமை.

அன்றைக்கு விடிந்ததிலிருந்தே ஒன்றும் சரியில்லை. சோறு குழைந்தது, குழம்பு அடிப்பிடித்தது, ஜெயமணி ஒரு வாய் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மோர் ஊற்றிக்கொண்டார், அவர் ஒன்றும் சொல்லாததுதான் அதிகம் எரிந்தது. வேன் மேல் வேனாக வந்தது. கதவைத் தட்டி ஒருவர் டாய்லெட் கேட்டார், ஒருத்தி குழந்தைக்கு வெந்நீர் கேட்டாள், மைக் பிடித்த ஒரு பையன் "சிஸ்டர், படகு எப்ப வரும்னு நம்ம நேயர்களுக்காக ஒரு வார்த்தை" என்று பின்னாலேயே வந்தான். அம்மா இருந்தால் இதெல்லாம் அவள்பாட்டுக்கு நடந்திருக்கும். அம்மா இல்லை. வீட்டில் எங்கே கை வைத்தாலும் அம்மா இல்லை. அதை ஹேமா தனக்குள்கூட அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை, கோபம் என்றே நினைத்துக்கொண்டாள், அந்தக் கோபத்தோடேயே வெயில் தாழும்போது சுவருக்கு முன்னால் போய் நின்றாள்.

நிழலக்கா விளக்கை உயர்த்தினாள். ரோட்டைப் பார்த்தாள். மூட்டையை இடுப்பு மாற்றினாள்.

"எதுக்குக்கா இப்படி நிக்கே?" என்றாள் ஹேமா. "ஒனக்காக எங்கம்மா கடல் தாண்டிப் போயிருக்கா. அவ ஒரு நாள் இப்படி நின்னு பாத்திருக்கியா, அவளுக்காக யாராவது எங்கயாவது போயிருக்காங்களா? ஒனக்கே தெரியும்லா. வாரவனா இருந்தா இதுக்குள்ள வந்திருப்பான். அவன் வரமாட்டான். வரவே மாட்டான். சும்மா நிக்காத."

பொய் இல்லை. மனசில் பட்டதைச் சொன்னாள். ஊரே வாய் வலிக்கச் சொல்லிச் சொல்லியும் காது கொடுக்காத அந்த நிழல், அன்றைக்குத் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தது. கண் இல்லாத முகம்தான், ஆனாலும் பார்த்தது. பிறகு மூட்டையை இறக்கிக் கீழே வைத்தாள். விளக்கை வாயருகே கொண்டுவந்து ஊதி அணைத்தாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு, சுவரின் அடியில், கட்சிக்காரர்கள் எழுதிய எழுத்துகளுக்குக் கீழே உட்கார்ந்தாள். இருட்டுவதற்குள் கை எது கால் எது என்று தெரியாமல் போய், மழைக்காலத்தில் ஓதம் ஏறிய கறை மாதிரி ஒரு கறை மட்டும் நின்றது. ஹேமா "இன்னும் முடியல, இரு" என்றாள். திரும்பத் திரும்பச் சொன்னாள். தொண்டை கட்டுகிறவரை சொன்னாள்.

ஊர் அதையும் ஏற்றுக்கொண்டது. நின்று நின்று கால் கடுத்திருக்கும் என்றார்கள் கடலை உடைக்கிற பெண்கள். கடைசி வேன்காரர்கள் கறையோடு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பஜ்ஜிக்காரர் எண்ணெயை ஆறவைத்தார். கட்சிக்காரர் ஒருவர் பைக்கை நிறுத்தி, நடுவில் விட்ட இடத்தையும் இப்போது எழுதிக்கொள்ளலாமா என்று ஜெயமணியிடம் கேட்டுவிட்டுப் போனார். அவளிடம் என்ன சொன்னாய் என்று ஹேமாவை யாரும் கேட்கவில்லை.

மறுநாள் பால்காரர் மணி அடிக்கிற நேரத்துக்குப் போன் வந்தது.

"ஏட்டி! முழுசாப் பாத்துட்டேன்!" ராஜகனியின் குரல் அப்படி உயர்ந்து ஹேமா கேட்டதே இல்லை. "விடிய விடிய. ஒரு பொட்டு கண் மூடலட்டி. நடுவுல கோமாளிக வந்து ஆடுனானுவ, அப்பக்கூட எந்திரிக்கல. ஸ்லாமெத்தோட வீட்டுக்காரி பக்கத்துல உக்காந்து எனக்குக் கால் அமுக்கிவிட்டா."

"முடிவு என்னம்மா?" என்றாள் ஹேமா.

"விடியக்காலம் படகு வருது. வருது, ஆனா அவன் இல்ல. வெறும் படகு. அவன் வரலட்டி, வரவே இல்ல. நான் அழுதுட்டேன். சரி, இம்புட்டுதான் போலன்னு நெனச்சேன். பாத்துக்க, அங்கதான் மேளமே எந்திரிக்கி! அவ அந்த வெறும் படகுல தானே ஏறுதா. துடுப்பத் தானே எடுக்கா. அக்கரைக்குத் தானே போய் நெல்லு கொண்டாந்து ஊருக்கே போடுதா. கரையில நிக்க அத்தன பொம்பளையும் அவ பின்னால படகு எறக்குதாளுவ. இங்க அவ நெழல் விழலல்லா, அதனால வெறும் துடுப்பு மட்டும் தண்ணியில ஏறி ஏறி எறங்குது, ஆனா எல்லாருக்கும் தெரியும் அவ உள்ள இருக்கான்னு, சின்னப் பிள்ளைக எல்லாம் கை ஆட்டுதுவ. கடைசியா அந்த மரப் பாவையத் திரை நடுவுல நட்டாச்சு, யாரும் எந்திரிக்கல. ஒனக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்காவ. போனச் சுவத்துகிட்டக் கொண்டு போ. நானே அவட்டச் சொல்லுதேன்."

ஹேமா செருப்புப் போடாமல் வெளியே வந்தாள். கோலப்பொடி பாதத்தில் ஒட்டியது. குத்தவைத்து, கறையருகில் போனைப் பிடித்தாள். ராஜகனி சொன்னாள், பெற்ற மகளிடம்கூட அவ்வளவு பொறுமையாகப் பேசியிருக்க மாட்டாள், படகு வந்ததையும், அது வெறுமையாக வந்ததையும், அதற்காகப் பயப்படக் கூடாது என்பதையும், துடுப்பு எந்தப் பக்கம் இருக்கிறது, எந்தக் காலை முதலில் வைக்க வேண்டும் என்பதையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். சுவர் சுவராக இருந்தது. ஹேமா உள்ளங்கையைக் கறையின் மேல் வைத்தாள். ஈரமாவது இருக்கும் என்று நினைத்திருந்தாள். காய்ந்துபோயிருந்தது.

"கேட்டாளா? எந்திரிச்சாளா?"

ஹேமா கறையை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள்.

"ஏட்டி, ஒன்னத்தான். எந்திரிச்சாளா?"

"எந்திரிச்சுட்டாம்மா."

"மூட்டைய எடுத்தாளா?"

"எடுத்துட்டா."

"படகுல ஏறிட்டாளா? துடுப்பு? துடுப்பப் புடிச்சுட்டாளாட்டி?"

"புடிச்சுட்டாம்மா" என்றாள் ஹேமா.

ராஜகனி அந்தப் பக்கம் திரும்பி யாரிடமோ, தமிழிலேயே, "போறாளாம்! போறாளாம்!" என்று கத்தினாள், யாருக்கும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. போனுக்குள் வெண்கல மணிகளும் கிண்ணங்களும் ஒன்றன் மேல் ஒன்றாக விழ, பெரிய மணி ஒன்று அதிர, கடலுக்கு அந்தப் பக்கத்தில் ஓர் ஊரே எழுந்து நின்று கைதட்ட, அத்தனை கைதட்டலையும் காய்ந்த சுவரை நோக்கிப் பிடித்துக்கொண்டு ஹேமா குத்தவைத்தபடியே இருந்தாள்.